மால்ட்: ஒரு சொல்லும் அதன் அயற்சொற்களும்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் நடத்தும் மளிகைக் கடைகளில் ‘ராகி மால்ட்’ என்ற பெயரில் விற்கும் பொட்டலங்களின் பின்புறத்தை அண்மையில் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். சிலவற்றில் முளைகட்டிய கேழ்வரகு இருந்தது. வேறு சிலவற்றில் வறுத்தரைத்த மாவும் சர்க்கரையும் ஏலக்காயும் மட்டுமே. ‘பீட்ரூட் மால்ட்’ என்பதோ கிழங்கை உலர்த்திப் பொடித்தது. நம் வழக்கில் மால்ட் என்றால் ‘பாலில் கரைத்துக் குடிக்கும் சத்துப்பொடி’ என்றாகிவிட்டது. சொற்பொருள் விரிவது இயல்புதான். ஆனால் இங்கே விரிவின்போது உட்பொருள் கழன்று விழுந்துவிட்டது.

மால்ட் என்பது ஒரு பொருளின் பெயர் என்பதைவிட ஒரு செயலின் விளைவு என்பதே சரி. தானியத்தை ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை நீள்வதற்குள் உலர்த்தி நிறுத்துவது. முளைக்கும் விதை தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை உருவாக்கிக்கொள்கிறது. உலர்த்துதல் அவற்றை அழிக்காமல் உறங்கவைக்கிறது. 1833இல் பிரான்சில் அன்செல்ம் பாயேனும் ழான் பிரான்சுவா பெர்சோவும் மால்ட் கரைசலிலிருந்து பிரித்தெடுத்த ‘டயஸ்டேஸ்’தான் முதன்முதலில் பிரித்தறியப்பட்ட நொதி. மால்டோஸ் என்ற சர்க்கரை மால்ட்டிலிருந்தே பெயர் பெற்றது. மால்டோடெக்ஸ்ட்ரினோ பெயரளவில்தான் உறவு. மக்காச்சோளம், மரவள்ளி முதலியவற்றின் மாவுச்சத்திலிருந்து ஆலையில் செய்யப்படுவது அது. பொட்டலம் படிப்போர் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றெனக் கொள்கின்றனர்.

தமிழுக்கு இச்செயல் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் களியை ஆறவைத்து, அதில் இடித்த ‘நல்லடை’யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து மது வடிக்கும் முறை சொல்லப்படுகிறது. நல்லடை என்பதற்கு முளை என்று உரை மரபு பொருள் கொள்கிறது. வேள்வி நூல்களில் சுரை என்ற மதுவுக்கு முளைகட்டிய நெல்லும் முளைகட்டிய வாற்கோதுமையும் ‘சஷ்பம்’, ‘தோக்மம்’ எனத் தனித்தனிப் பெயர் பெற்றுள்ளன. அவ்விரண்டும் ‘கிண்வம்’ என்ற நொதிக்கூட்டிலிருந்து வேறானவை. முளை இனிப்பை உண்டாக்கும். நொதிக்கூட்டு அந்த இனிப்பை மதுவாக்கும். பழம்பிரதிகளை மொழிபெயர்ப்போர் இவ்விரண்டையும் குழப்புவதை இன்றும் காண்கிறோம்.

பம்பாய்க்கு வருவோம். இந்நகரத் தமிழர் கேழ்வரகை ‘நாச்சணி’ என்ற மராத்திப் பெயராலும் அறிவர். மராத்திய வீடுகளின் ‘நாச்சணி சத்துவம்’ ஊறிய தானியத்தை அரைத்து, பாலெடுத்து, படிந்த மாவை உலர்த்திச் செய்வது. சில வீடுகளில் முளைகட்டியும் செய்வர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோரின் கேப்பைக் கூழ் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. சத்துமாவு பல தானியங்களையும் பயறுகளையும் வறுத்தரைத்த கலவை. சத்துவத்தில் சக்கை நீங்குகிறது, கூழில் புளிப்பு ஏறுகிறது, சத்துமாவில் வறுவல் மணம் சேர்கிறது, மால்ட்டில் நொதி பிறக்கிறது. நான்கையும் ஒரே சொல்லால் அழைத்தால் சமையல் அறிவு நான்கில் மூன்று பங்கு மறைந்துபோகும்.

மது வரலாறும் இதே வேறுபாட்டை வேறொரு வகையில் காட்டுகிறது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இலுப்பைப் பூவையும் கழிவுப்பாகையும் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தியது. தாராவியில் காய்ச்சப்பட்ட கள்ளச்சாராயத்துக்கு வெல்லமே போதுமானது; சர்க்கரை ஏற்கெனவே ஆயத்தமாக இருக்குமிடத்தில் மால்ட்டுக்கு வேலையில்லை. பனங்கள்ளுக்கும் அவ்வாறே. தானியத்திலிருந்து மது வடிப்போருக்குத்தான் முளை வேண்டும். அச்சட்டத்தில் ‘மது’ என்ற சொல்லின் எல்லை எது என்பதே வழக்காகி, பால்சாரா வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பரந்த வரையறை ஏற்கப்பட்டது. ஆனால் சாராயம் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் பொறுத்த தடை நிலைக்கவில்லை. ஒரு சொல்லின் அகலம் ஒருவர் வீட்டு மருந்துப் பெட்டியைத் தொட்ட கதை அது.

அதே மால்ட் இன்னொரு வாசல் வழியாக நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் நுழைந்தது. வில்லியம், ஜேம்ஸ் ஹார்லிக் சகோதரர்கள் 1883இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மால்ட்டுப் பால், குழந்தைக்கும் நோயாளிக்குமான உணவாக இங்கே பெயர் பெற்றது. 2020இல் ஹார்லிக்ஸ் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்துஸ்தான் யூனிலீவரிடம் வந்தது. 2024 ஏப்ரலில் ‘ஆரோக்கிய பானம்’ என்ற வகைக்கு உணவுச் சட்டத்தில் வரையறையே இல்லை என்ற கேள்வி எழுந்தபோது, அந்நிறுவனம் தன் வகைப் பெயரிலிருந்து ‘ஆரோக்கியம்’ என்ற சொல்லை நீக்கியது. ‘மால்ட்’ என்ற சொல்லை நம் கடைகளில் எவரும் அவ்வாறு கேள்வி கேட்கவில்லை.

கேட்க வேண்டியதன் காரணம் மொழித்தூய்மை அன்று. சாதாரண மாவில் காய்ச்சிய கஞ்சி விரைவில் கெட்டியாகும். சிறு குழந்தை விழுங்கத் தண்ணீர் ஊற்றினால் சத்து நீர்த்துப்போகும். முளைகட்டிய மாவைச் சேர்த்தால் நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்குகிறது. ஆகவே அதே கிண்ணத்தில் கூடுதல் தானியம் இடலாம். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் கேழ்வரகு முளையை ஆராய்ந்ததும், பரோடாவில் தாரா கோபால்தாஸ் முளைமாவைக் குழந்தைக் கஞ்சியில் சோதித்ததும் இதன் பொருட்டே. தாராவியின் ஒரு தாய் ‘மால்ட்’ என்று நம்பி வறுத்த மாவை வாங்கும்போது அவள் இழப்பது இந்த இளக்கத்தைத்தான்.