கே.ஜி.எஃப்: சினிமாவுல பார்க்காத தங்கச் சுரங்கம்!

'கே.ஜி.எஃப்' படத்துல ராக்கி பாயைப் பார்த்திருப்பீங்க. ஆனா, நிஜ கோலார் தங்கவயலைத் தோண்டியவர்களில் பெரும்பாலானோர் வட ஆற்காடு பக்கமிருந்து போன தமிழர்கள்னு தெரியுமா?

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இங்கே இறங்கியது. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது.

சுரங்கம் எப்படி இருந்தது? தரைக்கு மேல் இரும்புக் கோபுரம், உச்சியில் ராட்சதச் சக்கரம். அதில் ஓடும் இரும்புக் கயிற்றில் தொங்கும் கூண்டுதான் தொழிலாளிகளை இறக்கி ஏற்றும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் திடீர்னு வெடித்தும் சிதறும். மேலே அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு பங்களா. தொழிலாளிகளுக்கு நெருக்கியடித்த 'லைன்' வீடுகள்.

எடுக்கும் தங்கத்தைவிட செலவு அதிகமாக, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மிச்சம், சயனைடு கழிவு மேடுகள். பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போறாங்க.

வாலாஜாபாத்ல ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவரா நீங்க? 2014-ல் மூடிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை ஞாபகம் இருக்கும். அந்தக் கட்டடத்துக்குப் பிறகு வேறு கம்பெனி வந்தது. 3 கிலோமீட்டர் குழிக்குள் யார் வருவாங்க?