இரைப்பை அறுவை: தாத்தா காலம் முதல் என் காலம் வரை

மலர்க் குழுவினர், "நம்ம பேட்ச் சார்பா ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது, திருவாலங்காட்டுக் கோயிலைப் பற்றியோ, 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயிலைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் நினைத்தேன். கடம்பத்தூர்க்காரனுக்கு இரண்டும் கைக்கெட்டும் தூரம். ஆனால் உங்களுக்கெல்லாம் நான் ஒரு பாக்கி வைத்திருக்கிறேன். அதைத் தீர்க்காமல் வேறு வரலாறு எழுத மனசு வரவில்லை.

போன சந்திப்பில் நான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை. "என்னடா மச்சான், பாதி ஆளா ஆயிட்ட?" என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். "காலையில ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிறேன், ராத்திரி சாப்பாட்டை நிறுத்திட்டேன், சுகரும் ஓடிப் போச்சு" என்று சொன்னேன். நடந்தது உண்மை, மற்றதை மறைத்தேன். எடை குறைவதற்காக 2019 ஆகஸ்டில் நான் இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவன். அப்போது என் எடை 128 கிலோ.

மறைத்ததால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நம் வகுப்புத் தோழன் ஒருவன் என் பேச்சை நம்பி, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தான். நாலே மாதத்தில் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தான். பார்க்கப் போனபோது, "உனக்கு மட்டும் எப்படிடா ஆச்சு?" என்று கேட்டான். அப்போதுதான் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான். இன்று அவன் நலம். இந்தக் கட்டுரைக்கு அவனே காரணம்.

தாத்தாவின் கிண்ணம்

என் தாத்தாவுக்கும் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. 1964-ல், சென்னை பெரியாஸ்பத்திரியில், குடல்புண்ணுக்காக. அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். தட்டில் சாப்பிட மாட்டார். சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் ஆயா கஞ்சியோ, குழைந்த சோறோ போட்டுக் கொடுப்பார்கள், ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை. விசேஷ நாட்களில் ஆசைப்பட்டுப் பாயசம் குடித்தால் கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டும். திண்ணையில் படுத்துவிடுவார். நாங்கள் பிள்ளைகள் எல்லாம், "தாத்தா மறுபடி ஆக்டிங் கொடுக்கிறாரு" என்று சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு பல வருஷம் கழித்து எனக்கே திரும்பி வரும் என்று யார் கண்டது?

வியன்னாவிலிருந்து நெய்யூர் வரை

அறுவைக்குப் பின் படுத்திருந்த நாட்களில், வரலாறு படித்த பழக்கதோஷம், இந்த ஆபரேஷன் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற டாக்டர், புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, மீதியைக் குடலோடு தைத்தார். அவர் உயிர் பிழைத்துச் சில மாதங்கள் வாழ்ந்தார். அதே ஆண்டு பில்ரோத்தின் உதவியாளர் அன்டன் வோல்ஃப்ளர், இரைப்பையை வெட்டாமலே சிறுகுடலைக் கொண்டுவந்து அதில் இணைத்தார். அடைத்துக்கொண்ட வழிக்கு ஒரு மாற்று வழி. நம் ஊர் பாஷையில் பைபாஸ்.

இந்த இரண்டாவது அறுவைதான் தமிழ் மண்ணில் ஆயிரக்கணக்கில் நடந்தது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் சென்ற ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய டாக்டர், முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அன்றைக்கு அது திருவிதாங்கூர், இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்தவர், அங்கேயே வேலை செய்வதென்று முடிவெடுத்தார். குடல்புண்ணோடு வந்த ஏழைகளுக்கு அவர் செய்த அறுவைகள் மருத்துவ உலகில் பேசப்பட்டன. அரிசி சாப்பிடும் தென்னிந்தியாவில் குடல்புண் அவ்வளவு அதிகம். என் தாத்தாவும் அந்த நீண்ட வரிசையில் ஒருவர்.

பிறகு நல்ல மாத்திரைகள் வந்தன. குடல்புண்ணுக்கு ஒரு பாக்டீரியாவே பெரும் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். அல்சர் ஆபரேஷன் ஏறக்குறைய மறைந்தது. ஆனால் அந்தத் தையல் வித்தை வேறு ஒரு வேலைக்குப் போய்ச் சேர்ந்தது.

மெலிந்தவர்களிடம் கற்ற பாடம்

பருமனுக்கான முதல் அறுவைகள் சிறுகுடலில்தான் நடந்தன. குடலின் பெரும் பகுதியை ஒதுக்கிவிடும் முறை 1954-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலிருந்து வெளியானது. எடை குறைந்தது, கூடவே தீராத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் கெடுதல் எல்லாம் வந்தன. பலருக்குத் திரும்பவும் வயிற்றைத் திறந்து பழையபடி மாற்ற வேண்டியதாயிற்று.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு பக்கம் பார்த்தார். அல்சருக்காக இரைப்பையில் பாதியை இழந்த பெண்கள் எவ்வளவு முயன்றும் எடை கூடாமல் மெலிந்தே இருப்பதைக் கவனித்தார். அந்தத் தொல்லையே இன்னொருவருக்கு மருந்தாகலாமே என்று தோன்றியது. சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து அவர் செய்த இரைப்பை பைபாஸ் 1967-ல் வெளியானது. மேசன் 100 வயது வரை வாழ்ந்து 2020-ல் மறைந்தார். ஆக, என் தாத்தாவைப் போன்றவர்கள் திண்ணையில் பட்ட அவஸ்தையிலிருந்து பிறந்ததுதான் என் வைத்தியம்.

1994-ல் இதே அறுவையைச் சிறு துளைகள் வழியே செய்யும் முறை வெளியானது. 1995-ல் வால்டர் போரிஸ் என்ற டாக்டர், இந்த அறுவை செய்தவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை நோய் அடங்கிவிட்டதைக் காட்டினார். எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கியது. 1999-ல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும், இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பை வெறும் சாக்குப்பை அல்ல, மூளையோடு பேசுகிற உறுப்பு என்பது அதற்குப் பிறகு இன்னும் தெளிவாயிற்று. நம் நாட்டில் 2011-ல் நிதின் கட்கரியும், 2014-ல் அருண் ஜெட்லியும் செய்துகொண்டபோதுதான் இந்த அறுவையின் பெயர் பத்திரிகைகளில் பரவலாக அடிபட்டது.

என் ஆறு வாரங்கள்

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பி.எம்.ஐ. எனக்கு 44. சர்க்கரை, ரத்த அழுத்தம், ராத்திரியில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை. கக்களூர் தொழிற்பேட்டையில் ஸ்டோர்ஸ் வேலை, மாறி மாறி ஷிப்ட், நடுராத்திரி போண்டா. இன்சூரன்ஸில் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பி.எஃப்.பில் முன்பணம் எடுத்தேன். குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட நோயாளிகளுக்கு இந்தச் செலவைத் தர வேண்டும் என்ற விதி 2020 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. என் அதிர்ஷ்டம் ஒரு வருஷம் லேட்!

தாத்தாவை வார்டில் பத்து நாளுக்கு மேல் படுக்க வைத்திருந்தார்களாம். என்னை அன்று சாயங்காலமே நர்ஸம்மா, "எழுந்திருங்க சார், நடக்கணும்" என்று எழுப்பிவிட்டார். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும், நுரையீரல் விரியவும் நடைதான் மருந்து. சீக்கிரம் நடக்க வைப்பது, சீக்கிரம் வாய்வழி கொடுப்பது என்ற முறையை டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட் 1990களில் வலியுறுத்தி நிலைநாட்டினார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம்தான். மருந்து அளக்கும் 30 மில்லி மூடியில் இளநீர், வடிகட்டின பருப்புத் தண்ணி, நீர்மோர், புரோட்டீன் பவுடர். ஒரு மூடியைப் பத்து நிமிஷம் உறிஞ்ச வேண்டும். உடம்பு வலி பெரிதில்லை, தாங்கிக் கொள்ளலாம். எனக்குத் தாங்காதது பத்தாம் நாள் வந்தது. பக்கத்து வீட்டில் மசால்வடை சுட்டார்கள். அந்த வாசனைக்கு நான், ஐம்பதை நெருங்கிய மனுஷன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். பசியே இல்லை. பின் எதற்கு அழுகை? சந்தோஷம் வந்தாலும் சாப்பாடு, மேலதிகாரி திட்டினாலும் சாப்பாடு என்று நாற்பது வருஷம் கூடவே இருந்த சிநேகிதன் செத்துப்போன துக்கம் அது என்று பின்னால்தான் புரிந்தது. "நல்லா இருந்த உடம்பை ஏன் அறுத்துக்கிட்டேன்?" என்று மனைவியிடம் புலம்பினேன். "நல்லா எங்கேங்க இருந்துச்சு? ராத்திரி நீங்க மூச்சு விடுறீங்களான்னு நான்தானே முழிச்சிருந்து பார்த்தேன்" என்றாள்.

அம்மாவுக்கு வேறு மாதிரி வருத்தம். "என் கையால ஒரு வாய் திங்க மாட்டேங்கிறியே கண்ணு" என்று கண் கலங்குவார்கள். பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணியும் அப்படியேதானே இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களிடம் கோபித்துப் பயனில்லை.

மூன்றாம் வாரம் மிக்சியில் அடித்த இட்லி, கூழ்போல் குழைத்த பருப்பு சாதம். ஒருநாள் பழைய வேகத்தில் இரண்டு வாய் போட்டேன். நெஞ்சில் கல் வைத்ததுபோல் அடைத்து, வாந்தி வந்த பிறகுதான் நிம்மதி. நாலாம் வாரம் தராசு முள் ஒரு கிலோ கூட நகரவில்லை. எல்லாம் வீண் என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இப்படி நிற்பது பலருக்கும் நடப்பதுதான் என்று டயட்டீஷியன் போனில் சொன்னபோது உயிர் வந்தது. ஆறாம் வாரம் வேலைக்குத் திரும்பினேன். மூன்றாம் மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. அதுவும் பிறகு நின்றது.

இரண்டாம் மாதம் ஒரு புதுமனை புகுவிழா. வற்புறுத்தினார்களே என்று இரண்டு கரண்டி கேசரி சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் படபடப்பு, வேர்வை, கண் இருட்டல். அந்த வீட்டுத் திண்ணையிலேயே படுத்துவிட்டேன். சர்க்கரை சட்டென்று சிறுகுடலில் இறங்கி, உடம்பு நீரை அங்கே இழுத்துக்கொள்வதால் வருவது. டம்பிங் என்பார்கள். படுத்தபடியே தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவர் ஆக்டிங் கொடுக்கவில்லை. "மன்னிச்சுக்கோ தாத்தா" என்று வாய்விட்டுச் சொன்னேன். மறுநாள் பரணிலிருந்து அந்தப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்து ஈயம் பூசக் கொடுத்தேன். இன்றும் அதில்தான் சாப்பிடுகிறேன்.

நண்பர்களுக்குச் சில வார்த்தைகள்

யாரையும் இந்த அறுவைக்கு அழைப்பதற்காக நான் எழுதவில்லை. இது விளையாட்டும் அல்ல. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இந்த அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்து, அரசு விசாரணை நடந்ததைப் படித்திருப்பீர்கள். அதே சமயம், 1987-ல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்ட ஆய்வு, அறுவை செய்துகொண்ட பருமனானவர்களில் இறப்பு குறைவு என்று 2007-ல் சொன்னது. 2022-ன் சர்வதேச வழிகாட்டுதல், ஆசிய உடம்புக்குப் பி.எம்.ஐ. 27.5-லிருந்தே இதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. 2025-ல் புதிய ஊசி மருந்துகளும் நம் நாட்டுக்கு வந்துவிட்டன. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், மண்டபத்தில் சந்திக்கும் என்னைப் போன்றவன் அல்ல.

செய்துகொண்டவர்கள் வீட்டில் இருந்தால் இவற்றை மட்டும் நினைவில் வையுங்கள். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி என்றால், தையல் கசிகிறதோ என்று உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் தயமின் சத்து குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் ஆயுள் முழுக்க. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை கூடாது, தைத்த இடத்தில் புண் வரும். மது வேண்டவே வேண்டாம். பைபாஸ் செய்தவர்களில் இரண்டாம் ஆண்டில் குடிப்பழக்கப் பிரச்சினை கூடுவதை அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2012-ல் காட்டியது. சாப்பாடு என்ற சிநேகிதன் போன இடத்துக்கு வேறு கெட்ட சிநேகிதன் வந்து உட்காருவான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அழுதால் கூட உட்காருங்கள், "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி எழுந்து போய்விடாதீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் எனக்கு ஆனது இரண்டு மணி நேரம். மற்றது எல்லாம் வீட்டில் நடந்தது.

86 கிலோ வரை இறங்கினேன், இப்போது 91. சர்க்கரைக்கு ஒரு சின்ன மாத்திரை திரும்ப வந்திருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை.

இந்த முறை மதிய விருந்தில் நான் என் கிண்ணத்தோடு வருவேன். "என்னடா இது?" என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்டாலும் உண்மையைத்தான் சொல்லுவேன். என் பங்குப் பாயசத்தை, மாணவச் செல்வங்களே, உங்களில் யாராவது வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய 'குண்டு'
பி.ஏ. வரலாறு, 1989–92
கடம்பத்தூர்