மேடை மேலாண்மை

மேடை மேலாண்மை என்பது ஒரு நாடகத்தின் ஒத்திகையையும் மேடையேற்றத்தையும் ஒருங்கிணைத்து நடத்தும் பணி ஆகும். இப்பணியைச் செய்பவர் மேடை மேலாளர் எனப்படுகிறார். நாடகம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இயக்குநர் முடிவு செய்கிறார். அம்முடிவு ஒவ்வொரு நாளும், யார் நடித்தாலும், பிழையின்றியும் பாதுகாப்பாகவும் மேடையில் நிகழ்வதற்கு மேடை மேலாளர் பொறுப்பாவார். இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய இராச்சியத்தின் நாடக அரங்குகளில் உள்ள வழக்கத்தை விளக்குகிறது.

வரலாறு

சேக்சுபியர் காலத்து இலண்டன் நாடகக் குழுக்களில் 'புக் கீப்பர்' எனப்பட்டவர் நாடகப் பிரதியைப் பாதுகாத்து, நடிகர்களின் நுழைவு, தேவைப்படும் பொருட்கள் முதலியவற்றைக் குறித்து வந்தார். 19ஆம் நூற்றாண்டில் மேடை மேலாளர் என்ற பெயரில் இருந்தவர்களே ஒத்திகையை நெறிப்படுத்தும் பணியையும் செய்தனர். பின்னர் இயக்குநர் என்பது தனிப் பொறுப்பாக வளர்ந்தபோது, மேலாண்மையும் தனித் தொழிலாகப் பிரிந்தது.

குழு

பெரிய அரங்குகளில் இப்பணி மூவகையினரிடையே பகிரப்படுகிறது.

- மேடை மேலாளர்: குழு முழுவதற்கும் பொறுப்பானவர்.
- துணை மேடை மேலாளர்: குறிப்பேட்டை எழுதுபவர்; நாடகம் நடக்கும்போது கட்டளைகளை வழங்குபவர்.
- உதவி மேடை மேலாளர்: நாடகப் பொருட்களை உரிய இடத்தில் வைப்பவர், மேடையின் பக்கங்களில் இருந்து உதவுபவர்.

குறிப்பேடு

மேடை மேலாண்மையின் அடிப்படை 'பிராம்ப்ட் புக்' எனப்படும் குறிப்பேடு ஆகும். இதில் ஒரு பக்கத்தில் நாடக வசனமும் எதிர்ப்பக்கத்தில் நடிகர்களின் அசைவுகளும் இடம்பெறும். விளக்கு, ஒலி, திரை ஆகியவை மாற வேண்டிய ஒவ்வொரு இடமும் 'கியூ' எனப்படும். ஒவ்வொரு கியூவும் எண்ணிடப்பட்டு, அது நிகழ வேண்டிய சொல்லுக்கு நேராகக் குறிக்கப்படும். மேடையின் இடம், வலம் என்பவை பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் பார்வையில் கணக்கிடப்படுகின்றன.

குறிப்பேட்டை எழுதியவர் ஒருநாள் வர இயலாது போனால், வேறொருவர் அதனைக் கொண்டு அன்றைய நாடகத்தை நடத்த முடிய வேண்டும். நல்ல குறிப்பேட்டிற்கு இதுவே அளவுகோல். அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகம் 1952 நவம்பர் 25 அன்று இலண்டனில் தொடங்கியது; 1974இல் வேறு அரங்கிற்கு மாறியது; பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்று, 2021 மே மாதம் மீண்டும் தொடங்கியது. நடிகர்கள் பலமுறை மாறியும் இத்தகைய நாடகம் தொடர்வதற்கு, முறையாக எழுதப்பட்ட குறிப்புகள் இன்றியமையாதவை.

கட்டளை வழங்கல்

நாடகம் நடக்கும்போது துணை மேடை மேலாளர் காதொலிக் கருவி வழியே கட்டளையிடுவார். முதலில் 'ஸ்டாண்ட்பை' என்று கூறி, உரிய பணியாளரை ஆயத்தப்படுத்துவார். அவர் மறுமொழி தந்த பின், சரியான நொடியில் 'கோ' என்பார். 'கோ' என்ற சொல் காதில் விழுந்தவுடன் செயற்படுவது பணியாளரின் வழக்கம். ஆகவே, அச்சொல்லை வேறு பேச்சில் பயன்படுத்துவது தவிர்க்கப்படுகிறது. பேச முடியாத இடங்களில் சிவப்பு விளக்கு ஆயத்தத்தையும், பச்சை விளக்கு செயற்பாட்டையும் குறிக்கும்.

நேர அறிவிப்புகள்

நாடகம் மாலை 7.30க்குத் தொடங்குவதாயின், நடிகர்களுக்கான அறிவிப்புகள் பின்வருமாறு அமையும்.

- அரைமணி அறிவிப்பு: 6.55
- கால்மணி அறிவிப்பு: 7.10
- ஐந்து நிமிட அறிவிப்பு: 7.20
- முதற்காட்சி நடிகர்களுக்கான அழைப்பு: 7.25

இவ்வழைப்பு திரை உயர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பே வருவதால், மற்ற அறிவிப்புகளும் அதற்கேற்பக் கணக்கிடப்படுகின்றன. இதனாலேயே 'அரைமணி' என்பது 35 நிமிடங்களுக்கு முன் வருகிறது. அமெரிக்காவில் இது சரியாக 30 நிமிடங்களுக்கு முன் அறிவிக்கப்படுகிறது.

பாதுகாப்பு

1887 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் எக்சிட்டர் நகர அரங்கில் நாடகம் நடக்கையில் தீப்பற்றியதில் 186 பேர் இறந்தனர். அங்கு மேடையையும் பார்வையாளர் பகுதியையும் பிரிக்கும் பாதுகாப்புத் திரை இல்லை. 1903 திசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்குவா அரங்கில் தீப்பற்றியபோது அத்திரை இருந்தது. ஆனால் இறங்கும்போது பாதியில் சிக்கிக்கொண்டது. ஏறத்தாழ 600 பேர் உயிரிழந்தனர். கருவி இருப்பது மட்டும் போதாது, அது இயங்குகிறதா என்று சோதிக்கவும் வேண்டும் என்பதை இவ்விபத்து உணர்த்துகிறது. இன்று பிரித்தானிய அரங்குகளில் பாதுகாப்புத் திரையைப் பார்வையாளர் முன்னிலையிலேயே இறக்கிக் காட்டும் வழக்கம் உள்ளது.

நாடகம் தொடங்குமுன் வெளியேறும் வழிகள், தொங்கவிடப்பட்ட பொருட்கள், சண்டைக்காட்சிக்கான கருவிகள் ஆகியவை சரிபார்க்கப்படுகின்றன. நடிகர் உரிய இடத்தில் இல்லை எனத் தெரிந்தால், வசனம் கடந்துபோனாலும் 'கோ' சொல்லாமல் நிறுத்திவைப்பதும், தேவையெனில் நாடகத்தையே நிறுத்துவதும் மேலாண்மைக் குழுவின் பொறுப்பாகும்.

நிகழ்வறிக்கை

ஒவ்வொரு மேடையேற்றத்தின் பின்னரும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நேர்ந்த தவறுகள், காயங்கள், பழுதுகள் ஆகியவை அறிக்கையாக எழுதப்பட்டு இயக்குநருக்கும் தொழில்நுட்பப் பிரிவினருக்கும் அனுப்பப்படும். அடுத்த மேடையேற்றத்திற்குமுன் சரிசெய்ய வேண்டியவை இவ்வறிக்கையிலிருந்தே அறியப்படுகின்றன.