ஆதிச்சநல்லூர்த் தொல்பொருள்கள்

ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, தாமிரபரணியின் தென்கரையில் உள்ள இரும்புக்கால ஈமக்காட்டில் கிடைத்த முதுமக்கள் தாழிகள், எலும்புக்கூடுகள், வெண்கல, இரும்பு, பொன் பொருள்களின் தொகுதி. தொல்லியல் அறம் குறித்த விவாதத்தில் முக்கியச் சான்று. 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் அகழ்ந்தவை பெர்லினுக்கும், பின்னர் பிரெஞ்சு ஆய்வாளர் லூயி லாப்பிக் எடுத்தவை பாரிசுக்கும் சென்றன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இங்குக் கிடைத்த மண்டையோடுகள் இன வகைப்பாட்டுக்காக அளக்கப்பட்டன. இறந்தோர் எச்சங்களை ஆய்வுப்பொருளாக மட்டும் கண்ட காலனிய அணுகுமுறையின் தெளிவான அடையாளம் இது.

விடுதலைக்குப் பின் தொல்லியல் அறம் குறித்த கேள்வி வேறு வடிவம் பெற்றது. 2004-05 அகழாய்வின் அறிக்கை பத்தாண்டுக்கு மேல் வெளிவராததால் வழக்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குச் சென்றது. முடிவுகளை வெளியிடுவதும் அகழ்வோரின் கடமையே. 2020 மத்திய நிதிநிலை அறிக்கை இங்குத் தள அருங்காட்சியகத்தை அறிவித்தது. 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அகழ்ந்த குழிகளிலேயே தாழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே காணலாம்.