யார் மேல் தப்பு? தெருவில் எழுதப்படும் தீர்ப்புகளின் வரலாறு

மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்து. விடியற்காலை. குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வந்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவரை, ரிவர்ஸ் எடுத்த கார் இடித்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. "பாத்து வரக் கூடாதாம்மா?" என்று முதலில் கேட்டவர் வேடிக்கை பார்க்க வந்தவர்தான். அடுத்த கேள்வி, "எந்த ஏரியா நீ?" அக்கா "கண்ணகி நகர்" என்றார். அதோடு விசாரணை முடிந்தது. கையில் ஐந்நூறு ரூபாய் திணித்துவிட்டுக் கார் போய்விட்டது. மாலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

"சின்ன ஆக்சிடென்ட்தானே" என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். பம்பருக்கு அது சின்னதுதான். வாரக்கணக்கில் துடைப்பம் பிடிக்க முடியாத கைக்கு?

தோழர்களே, தெருவில் தப்பு யார் மேல் என்ற கேள்விக்குப் பின்னால், தெரு யாருடையது என்ற பழைய கேள்வி இருக்கிறது. 1901-ல் பாரி கம்பெனியின் ஏ.ஜே. யார்க் அடையாற்றிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் காரில் போய்வந்தார். மதராஸ் தெருக்களில் ஓடிய முதல் கார் அது என்பார்கள். எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையில் நடக்கலாம், பொதுக் கிணற்றைப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் மதராஸ் சட்டசபையில் கொண்டுவந்தது 1924-ல். கார் வந்து 23 வருடம் கழித்து! காருக்கு யாரும் தீர்மானம் போட வேண்டியிருக்கவில்லை. நம் கால்களுக்குப் போட வேண்டியிருந்தது.

இதே காலத்தில் அமெரிக்க நகரங்களிலும் தெருவின் உரிமை கைமாறியது. 1920-களில் அங்கே மோட்டார் சங்கங்கள், கண்ட இடத்தில் சாலையைக் கடப்பவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்யும் ஒரு சொல்லைப் பரப்பின. அடிபட்டவரே குற்றவாளி ஆனார். இங்கே அந்த வேலையைச் செய்யப் புதுச் சொல் தேவைப்படவில்லை. "எந்த ஏரியா?" போதுமானதாக இருந்தது.

1929-ல் அண்ணல் அம்பேத்கருக்கு நடந்த விபத்தை நினைத்துப் பாருங்கள். சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கியவரை ஏற்றிச் செல்ல எந்தக் குதிரை வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. விருந்தாளியை நடக்கவைக்க மனமில்லாத மகர் மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். தரைப்பாலத்தில் சக்கரம் சிக்கியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது. ஒரு போலீஸ்காரர் இதை விசாரித்திருந்தால், தப்பு ஓட்டியவர் மேல் என்று இரண்டே வரியில் எழுதி முடித்திருப்பார். வண்டி ஓட்ட மறுத்தவர்கள் அந்த இரண்டு வரியில் வரவே மாட்டார்கள்.

சட்டமும் நெடுங்காலம் அந்த இரண்டு வரியைத்தான் நம்பியது. 1939 மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1956 திருத்தம் விபத்து இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. ஆனால் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியது அடிபட்டவரின் பாடு. சாட்சி சொல்ல யார் வருவார்? 1977-லும் உச்சநீதிமன்றம், கவனக்குறைவு நிரூபிக்கப்படாமல் இழப்பீடு இல்லை என்றது.

1980-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று காற்றை மாற்றியது. என்.கே.வி. பிரதர்ஸ் நிறுவனத்தின் பஸ் தொங்கிக்கொண்டிருந்த உயர் அழுத்த மின்கம்பியில் மோதி எட்டுப் பேர் அங்கேயே இறந்தார்கள். 'கடவுள் செயல்' என்று கிரிமினல் வழக்கில் ஓட்டுநர் விடுவிக்கப்பட்டார். அந்த விடுதலையைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்றது நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இருந்த அமர்வு. நுணுக்கங்களைச் சொல்லி அப்பாவிகளைக் கைவிடக் கூடாது என்று தீர்ப்பாயங்களுக்கும் அறிவுறுத்தியது.

1982-ல்தான் தப்பு யாருடையது என்று கேட்காமலேயே இழப்பீடு தரும் பிரிவு வந்தது. உயிருக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிரிவு 164 இதை உயிருக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று ஆக்கியிருக்கிறது.

இங்கேதான் 'சின்ன' என்ற சொல்லின் அரசியல் இருக்கிறது. சிராய்ப்புக்கும் வீக்கத்துக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே இன்றும் தப்பை நிரூபித்தாக வேண்டும். ஆனால் எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். அக்காவின் மணிக்கட்டு சின்ன விபத்தே அல்ல. தெரு அதற்கு ஐந்நூறு ரூபாய் விலை போட்டது. சட்டம் சொல்லும் தொகை இரண்டரை லட்சம். அதற்கு அவர் யார் தப்பையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த முறை கூட்டத்தில் நீங்கள் இருந்தால், தீர்ப்பு சொல்லாதீர்கள், சாட்சியாகுங்கள். வண்டி எண்ணைப் படம் எடுங்கள். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்வதும் பிரிவு 134-ன்படி ஓட்டுநரின் கடமை என்று உரக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே வரும்வரை எந்தச் சமரசக் காகிதத்திலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, காவல் நிலையத்தில் புகாருக்கான ரசீது, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சட்ட உதவி மையத்துக்கு உடனே கூட்டிப் போங்கள். மனு போட ஆறு மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. பிரிவு 164-ன் தொகையை வாங்கினால், கூடுதல் இழப்பீடு கேட்கும் வழக்கு முடிந்துபோகும். எதைக் கேட்பது என்பதை வழக்கறிஞரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

அந்த அக்காவிடம் இதையெல்லாம் நான் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த வண்டி நம்பர யாருப்பா பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. நான் உட்பட.

ஜெய் பீம்.