சேர்வராயன் மலையும் செவ்வாய்ப்பேட்டையும்

சேலம் நகரின் செவ்வாய்ப்பேட்டை தன் வரலாற்றைப் பெயரிலேயே தாங்கி நிற்பது. செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய சந்தையே ஊர்ப்பெயராயிற்று. தானிய மண்டிகளுக்குப் பெயர்பெற்ற லீ பஜாரும் இப்பகுதியிலேயே உள்ளது. சேலத்துக் கடைவீதிகளுக்கு இன்று வருவோர், இரு தட்டைகளுக்கிடையே காய்த்துருவலும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டைத் தேடி உண்பர். அதுவும் அரிசிமாவுப் பண்டமே. இச்சந்தைக்கு முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஏற்காட்டிலோ, அரிசி நெடுங்காலம் அன்றாட உணவாக இருக்கவில்லை.

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயரைக் கேரளத்தோடு இணைத்துக் குழம்புவோர் உளர். இவர்தம் தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவருள் பெரியண்ணன் இம்மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் சென்றனர் என்பது இவர்களிடையே வழங்கும் கதை. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கீரையும் இவர்களது உணவு. நெற்சோறு திருநாளுக்குரியது. உப்பு, துணி போன்றவற்றுக்கே கீழ்நாட்டுச் சந்தையை நாடினர். சுருங்கச் சொன்னால், விளைத்ததை உண்டனர், உண்டதை விளைத்தனர்.

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி கம்பெனி ஆட்சிக்கு உட்பட்டது. 1820களில் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிச் செடியை அறிமுகப்படுத்தினார். பின்னர் ஆங்கிலேயர் தோட்டங்கள் பெருகின. ஆரஞ்சும் பேரிக்காயும் மிளகும் மலையின் விளைபொருள்களாயின. மலையாளிகளுள் பலர் தோட்டக் கூலிகளாயினர். மலையில் பறித்த காப்பி மலையின் பானமாகவில்லை. கீழ்நாட்டு நகரங்களின் காலைக் கடமையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பியைக் கள்ளுக்கு நிகரான கேடென்று கண்டித்து எழுதியோரும் இருந்தனர் என்பதை இன்று எண்ணினால் நகைப்புத் தோன்றும்.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது காப்பி விற்பனை அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1942இல் காப்பி வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. விளைவிப்போர் தம் காப்பியை வாரியத்திடமே ஒப்படைக்க வேண்டியிருந்த இம்முறை, 1990களின் நடுப்பகுதியில் முற்றிலும் நீங்கியது. இன்று மலையாளிக் குடும்பங்களும் சிறு தோட்டங்களில் காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகும் பயிரிடுகின்றன.

சாமை பின்தங்கியதற்குக் காசுப்பயிர் மட்டும் காரணமன்று. சாமையின் உமி எளிதில் நீங்காது. உரலிலிட்டுப் பலமுறை குத்திப் புடைக்க வேண்டும். அவ்வுழைப்பு முழுவதும் பெண்கள் தோளிலேயே விழுந்தது. பழைய உணவின் பெருமை பேசுவோர் பலர் இதனை நினைப்பதில்லை. குத்த வேண்டாத அரிசி நியாயவிலைக் கடையில் கிடைத்தபோது உரல் ஓய்ந்தது இயல்பே. 2011 சூன் முதல் தமிழகத்தில் அவ்வரிசி விலையின்றியும் வழங்கப்படுகிறது.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமை இப்போது அழகிய பொட்டலங்களில், சாதாரண அரிசியினும் கூடுதல் விலைக்கு விற்கிறது. அதனை வாங்கும் நகரத்தாரின் முன்னோர் நெற்சோறு உண்டவர்கள். சாமையுண்டு வாழ்ந்தவரின் பேரப்பிள்ளைகளோ நியாயவிலைக் கடை அரிசிக்காக வரிசையில் நிற்கின்றனர்.