உப்பளக் கரையிலிருந்து சட்டக் கல்லூரிக்கு



சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கியதும் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் காண்பர். சங்க காலத்து எயிற்பட்டினம் இவ்வூரே என்று கருதும் அறிஞர் உளர். இங்குள்ள பூமீசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. ஆந்திர நாட்டிலிருந்து கடலோரமாக இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வூர்ப் பக்கத்திலேதான் முடிவடைகிறது. ஆயினும் நான் இன்று பேச வந்தது ஊரின் பழம்பெருமையைப் பற்றியன்று. இந்தக் கரையில் மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் ஒரு மாணவனோ மாணவியோ, "நான் சட்டம் படிக்கலாமா?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னே இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

உப்புக்கும் சட்டத்திற்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் 1805இல் உப்பைத் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். அன்று முதல், விளைந்த உப்பு விளைவித்தவனுடையது அன்று, சர்க்காருடையது. மரக்காணத்திற்குத் தெற்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி இருந்தது. அங்கே விளையும் உப்பு தம் எல்லைக்குள் மலிவாக வந்து விழுந்துவிடுமோ என்று ஆங்கிலேயர் அஞ்சினர். ஆகவே 1815இல் இரு நாட்டாரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு வாணிகத்தை ஆங்கிலேயர் தம் கைக்குள் கொண்டுவந்து, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் தருவதென்று ஏற்றனர். பின்னர் 1889இல் சென்னை உப்புச் சட்டம் வந்தது. வெயிலில் நின்று உப்பு வாரிய மக்கள், இலண்டனிலும் பாரிசிலும் சென்னையிலும் எழுதப்பட்ட இந்த ஏடுகளுக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தனர். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் அவர்களுள் எத்தனை பேர் இருந்திருப்பர்?

சரி, படிக்க விரும்பியவர்க்கேனும் வழி இருந்ததா? சென்னையில் 1855இல் மாநிலக் கல்லூரியோடு சேர்ந்து சட்ட வகுப்புத் தோன்றியது. 1857இல் பல்கலைக்கழகம் எழுந்தது. சட்டத்திற்கென்று தனிக் கல்லூரி அமைந்ததோ 1891இல்தான். நெடுங்காலம் இருந்த முறை யாதெனில், முதலில் கலைப்பட்டம் பெற வேண்டும். அதன் பின்னரே பி.எல். வகுப்பு. அதற்குப் பிறகும் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் தொழில் பழக வேண்டும். பள்ளி முடித்த பையன் பொருளீட்டத் தொடங்குவதற்குள் அவனுடைய தந்தை முதுமை எய்திவிடுவார். நிலமோ பணமோ உள்ள குடும்பங்களே அவ்வளவு காலம் காத்திருக்க முடிந்தது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் 1832இல் பிறந்த முத்துசாமி ஐயர், இளமையில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்தவர். 1866இல் பி.எல். பட்டம் பெற்றார்; 1870களின் இறுதியில் சென்னை உயர்நீதி மன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "முயன்றால் யாரும் ஆகலாம்" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அறிவும் முயற்சியும் உடைய வேறு பலர் அந்த ஒரு ரூபாய் வேலையிலேயே நின்றுபோயினர். அவர்களைத் தேடிக் கல்லூரி வரவில்லை.

தெற்கே புதுச்சேரியில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்திற்குள் சென்றார். அதற்காகவே அவர் வழக்காடத் தடை விதிக்கப்பட்டது. அவர் பாரிசிலுள்ள மேல் நீதிமன்றம் வரை முறையிட்டு வென்றார். சட்டம் கற்றுத் தேறிய ஒருவருக்கே காலணியின் பொருட்டு வாயிலில் இந்நிலை என்றால், கல்லாதவர் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். பெண்களுக்கோ அந்த வாயிலே மூடியிருந்தது. கல்கத்தாவில் ரெஜினா குகா 1916இலும், பாட்னாவில் சுதாம்சு பாலா ஹஸ்ரா 1921இலும் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே, பெண் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டனர். 1923இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்ட பின்னரே நாடெங்கும் அத்தடை நீங்கியது.

பள்ளி முடித்ததும் நேரே சட்டத்தைத் தேர்ந்த ஒருவரை நீங்கள் நன்கு அறிவீர்கள். 1887இல் மெட்ரிகுலேஷன் தேறிய மோகன்தாஸ் காந்தி, பவநகர்க் கல்லூரியில் ஒரு பருவம் படித்துவிட்டு வீடு திரும்பினார். அவருக்கு மருத்துவம் கற்க ஆசை. வீட்டார் இசையவில்லை. உள்ளூரில் பட்டம் பெற நான்கைந்து ஆண்டு ஆகும்; இலண்டனில் மூன்றாண்டில் பாரிஸ்டர் ஆகிவிடலாம் என்று குடும்ப நண்பர் ஒருவர் அறிவுரை கூறினார். கால அளவும் செலவும் வேலை வாய்ப்பும் கணக்கிட்டுச் செய்த முடிவுதான் அது; உங்கள் வீட்டுத் திண்ணையில் இன்று நடக்கும் பேச்சுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1891இல் பாரிஸ்டராகத் திரும்பியவர், பம்பாயில் முதல் வழக்கிலே எழுந்து நின்று, கேள்வி கேட்க நா எழாமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அதே மனிதர்தாம் 1930 ஏப்ரலில் தண்டிக் கரையில் குனிந்து உப்பெடுத்தார். அம்மாத இறுதியில் வேதாரணியத்தில் உப்பெடுத்த இராஜாஜியும் சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவரே. சட்டத்தை நன்கு கற்றவர்களே அச்சட்டத்தை அறிந்து மீறினர். உப்பு வரி 1947இல் நீக்கப்பட்டது.

இனி இன்றைய வாயிலுக்கு வருவோம். பட்டம் பெற்ற பின்னரே சட்டம் என்ற நெடும்பாதைக்குப் பக்கத்தில், பள்ளியிலிருந்து நேரே செல்லும் ஐந்தாண்டுப் படிப்பு 1980களில் உருவாயிற்று. பெங்களூரின் தேசிய சட்டப் பள்ளி அதற்கு முன்மாதிரியாயிற்று. தமிழ்நாட்டில் அம்பேத்கர் பெயரால் சட்டப் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கியது. திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2013இல் வகுப்புக்களைத் தொடங்கியது. மரக்காணத்தாருக்கு இவற்றினும் முக்கியமானது, 2017இல் விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி வந்ததாகும். திண்டிவனம் வழியாகப் பேருந்தில் போய்விடலாம். தெற்கே கடற்கரைச் சாலையிலேயே காலாப்பட்டில் புதுவை அரசின் சட்டக் கல்லூரி இருக்கிறது.

சேரும் முறை இரண்டு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் கொண்டே இடம் தருகிறார்கள். நுழைவுத் தேர்வு இல்லை. இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் 2008ஆம் ஆண்டு விதிப்படி பொதுப் பிரிவினர் 45 விழுக்காடும், பிற பிற்படுத்தப்பட்டோர் 42 விழுக்காடும், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் 40 விழுக்காடும் பெற்றிருத்தல் வேண்டும். அது விண்ணப்பிக்கத் தகுதி மட்டுமே. இடம் கிடைப்பது போட்டியைப் பொறுத்தது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கோ 'கிளாட்' என்னும் நுழைவுத் தேர்வு. இரண்டு மணி நேரம், 120 வினாக்கள், அனைத்தும் ஆங்கிலத்தில். நீண்ட பத்தியைப் படித்து விடை காணும் பழக்கம் வேண்டும். தமிழ் வழியில் பயின்ற மாணவன் இத்தேர்வை நாடினால் பதினோராம் வகுப்பிலேயே ஆங்கில நாளிதழைக் கையில் எடுப்பது நலம். அது கைகூடாவிடில் விழுப்புரம் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. கீழ் நீதிமன்றங்களின் மொழி தமிழே. அங்கே சாட்சியைத் தமிழில் விசாரிக்க வல்லவனுக்கு மதிப்பு உண்டு.

ஐந்தாண்டு என்பது உப்பளக் குடும்பத்துக்குச் சிறு காலமன்று. மழை தொடங்கினால் அளத்தில் வேலை நிற்கும்; கூலியும் நிற்கும். பட்டம் பெற்ற பின்னும் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு இருக்கிறது. மூத்தவரிடம் குறைந்த ஊதியத்தில் கழியும் ஆண்டுகளும் இருக்கின்றன. இதை மறைத்து உங்களைச் சட்டக் கல்லூரிக்கு அழைப்பது நேர்மையாகாது. ஒரு சுமை மட்டும் அண்மையில் குறைந்தது. வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சில மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் வாங்கி வந்தனர். 2024 சூலையில் உச்ச நீதிமன்றம், சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்று தீர்ப்பளித்தது.

இந்தக் கரைக்குச் சட்டம் கற்றவர் தேவைப்படுவது இன்றும் குறையவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு 1991இல் வந்தது. இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதியான ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மரக்காணத்தை அடுத்த கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எல்லைக்கல் எங்கே நடப்படுகிறது, உப்பளமும் மீன்பிடி உரிமையும் எந்தப் பக்கம் விழுகின்றன என்பன போன்ற கேள்விகள் இத்தகைய அறிவிப்புக்களுடன் எழுகின்றன. அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, ஆட்சேப மனுவைக் குறித்த நாளுக்குள் எழுதித் தர ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும்.

மேல்நிலைத் தேர்வின் முடிவு பெரும்பாலும் மே மாதத்தில் வெளியாகும். மரக்காணத்து அளங்களில் உப்பு வாருவது மும்முரமாக நடக்கும் மாதமும் அதுவே. விண்ணப்பத்திற்கு வேண்டிய சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை மாசி, பங்குனியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.